பத்தரை ஆண்டு இடைவெளி: நீடாயுள் மருத்துவம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன தரும்?

சிங்கப்பூரில் இன்று பிறக்கிற குழந்தை சராசரியாக 83 வயதுக்கு மேல் வாழும். 1965ல் நாடு விடுதலை அடைந்தபோது இந்தக் கணக்கு 65ஐ ஒட்டித்தான் இருந்தது. அறுபது ஆண்டுக்குள் இவ்வளவு கூடியிருப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. சுகாதார அமைச்சு ஒரு அமெரிக்க ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து 2019ல் வெளியிட்ட நோய்ச்சுமை அறிக்கையின்படி, 2017ல் சிங்கப்பூரரின் ஆயுள் 84.8 ஆண்டு, அதில் நல்ல உடல்நலத்தோடு கழிவது 74.2 ஆண்டு. இடையில் பத்தரை ஆண்டு நோயிலும் இயலாமையிலும் போய்விடுகிறது. அது மொத்தமும் கடைசியில்தான் வரும் என்றில்லை, நாற்பது வயதில் பிடித்துக்கொள்ளும் முதுகுவலிகூட இந்தக் கூட்டலில் உண்டு. ஆனாலும் அதன் கனமான பகுதி முதுமையில்தான் விழுகிறது என்பதை வீட்டில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், குளியலறையில் ஒரு முறை வழுக்கி விழுந்ததோடு நின்றுபோன நடை, பெயர்களை மறக்கத் தொடங்கிய அப்பா, அவருக்காக வேலையை விட்ட மகள், பக்கத்து அறையில் தூக்கம் கெட்டுக் கிடக்கும் பணிப்பெண். அந்தப் பத்தரை ஆண்டு நம் வீடுகளில் இப்படித்தான் கழிகிறது.

நீடாயுள் மருத்துவம் என்று இப்போது எல்லா இடத்திலும் பேசப்படுவது இந்த இடைவெளியைச் சுருக்கும் முயற்சிதான். இதை 150 வயது வாழும் வித்தை என்று நினைத்துக்கொண்டு சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள், சிலர் அதே நினைப்பில் பணத்தைக் கொட்டுகிறார்கள். இதன் பின்னால் இருக்கும் அறிவியல் உண்மையானது, நம் ஊரிலேயே அதன் முன்வரிசை வேலை நடக்கிறது. ஆனால் விற்பனைக்கு வந்திருக்கும் சரக்கு அந்த அறிவியலைவிட வெகுதூரம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் தமிழர்களான நமக்கு இதில் மற்றவர்களைவிட அதிகமான காரியம் இருக்கிறது.

முதலில் அடிப்படை யோசனை. வயது வந்த மனிதருக்கு, ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இறப்பதற்கான வாய்ப்பு இரட்டிப்பாகிறது. கோம்பர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் கணக்கர் 1825லேயே இந்த ஏறுமுகத்தைக் கவனித்து எழுதிவிட்டார். மாரடைப்பு, புற்றுநோய், பக்கவாதம், முதுமை மறதி என்று தனித்தனி நோய்களாக நாம் பார்க்கிறவை எல்லாவற்றுக்கும் மிகப் பெரிய பொதுக் காரணம் வயது. அப்படியானால் ஒவ்வொரு நோயையும் தனித்தனியாகத் துரத்துவதற்குப் பதில், மூப்படையும் செயலையே கொஞ்சம் மெதுவாக்கினால் எல்லா நோயும் ஒருசேரத் தள்ளிப்போகுமே என்பதுதான் இந்தத் துறையின் மூல வாதம். வெகுகாலம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மூப்பு என்பது உடல் தேய்வதுதானே, தேய்வதை யார் நிறுத்த முடியும் என்று விட்டுவிட்டார்கள். 1993ல் கலிஃபோர்னியாவில் சிந்தியா கென்யன் என்ற விஞ்ஞானி ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் ஒரே ஒரு மரபணுவை மாற்றி அதன் ஆயுளை இரண்டு மடங்காக்கிக் காட்டிய பிறகுதான் பேச்சு மாறியது. ஆயுளுக்கு உடலுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, அதைத் திருக முடியும் என்று முதல்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த பெரிய திருப்பத்தில் நம் பக்கத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். 1964ல் கனடாவிலிருந்து ஒரு குழு ஈஸ்டர் தீவுக்குப் போய் மண் மாதிரிகள் எடுத்து வந்தது. மாண்ட்ரியலில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த சுரேன் சேகல் என்ற பஞ்சாபி விஞ்ஞானி அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து ராபமைசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். பிறகு ஆய்வகத்தை மூடினார்கள், வேலை கைவிடப்பட்டது, ஆனால் அவர் அந்த மாதிரிகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். 1999ல் அது சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கான மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. அவர் 2003ல் காலமாகிவிட்டார். 2009ல் வந்த ஆய்வு முடிவைப் பார்க்க அவர் இல்லை: ஏற்கெனவே கிழடாகிவிட்ட, 20 மாத வயதான எலிகளுக்கு ராபமைசின் கொடுத்தால், பெண் எலிகளின் ஆயுள் 14 விழுக்காடும் ஆண் எலிகளின் ஆயுள் 9 விழுக்காடும் கூடியது. வயதான பிறகு தொடங்கினாலும் பலன் உண்டு என்பதுதான் இதில் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

அதன் பிறகு வேகம் பிடித்துவிட்டது. 2013ல் மூப்பின் அடையாளங்கள் என்று ஒன்பதைப் பட்டியலிட்டார்கள், 2023ல் அது பன்னிரண்டானது. டி.என்.ஏ. சேதம், இறக்காமலும் வேலை செய்யாமலும் கிடந்து சுற்றிலும் அழற்சியைக் கிளப்பும் செல்கள், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா சோர்ந்துபோவது என்று நீளும் பட்டியல் அது. அதே 2013ல் ஸ்டீவ் ஹோர்வாத் என்ற விஞ்ஞானி, டி.என்.ஏ.வில் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகளை 353 இடங்களில் படித்து ஒருவரின் வயதை ஊகிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இப்போது ரத்தத்தையோ எச்சிலையோ கொடுத்து 'உடலின் உண்மையான வயது' என்று ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு வருகிறார்களே, அதற்கெல்லாம் இதுதான் மூலம்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். 2024 ஜூலையில் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியின் ஸ்டூவர்ட் குக், அனிஸா விட்ஜாஜா ஆகியோரின் குழு 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு முடிவை வெளியிட்டது. இன்டர்லூகின்-11 என்று ஒரு புரதம், வயதாக ஆக உடலில் கூடிக்கொண்டே போகிறது, அழற்சியையும் உறுப்புகளில் தழும்பையும் உண்டாக்குகிறது. மனிதக் கணக்கில் ஏறக்குறைய 55 வயதுக்குச் சமமான எலிகளுக்கு அந்தப் புரதத்தை முடக்கும் எதிர்ப்பொருளை ஊசி மூலம் கொடுத்தார்கள். ஆண் எலிகளின் ஆயுள் 22.5 விழுக்காடு, பெண் எலிகளின் ஆயுள் 25 விழுக்காடு நீண்டது. நீண்டது மட்டுமில்லை, அவற்றின் தசை வலுவாக இருந்தது, கொழுப்பு குறைந்தது, புற்றுநோய் குறைந்தது. ஒரு காலத்தில் நல்லது செய்யும் என்று நினைத்த புரதம் இது, அது கெடுதல் செய்கிறது என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னதே இந்தக் குழுதான். அவுட்ரம் வட்டாரத்தில், பொது மருத்துவமனைக்குப் போகும் வழியில் நாம் கடந்து போகிற கட்டடங்களுக்குள் நடந்த வேலை. எனக்கு இதில் உண்மையாகவே பெருமை இருக்கிறது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு அணி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. கலிஃபோர்னியாவின் பக் மூப்பியல் ஆய்வு நிலையத்தை நடத்திய பிரையன் கென்னடியும், முதியோர் மருத்துவரான ஆண்ட்ரியா மையரும் இங்கே வந்து, எலிகளில் வேலை செய்ததை மனிதர்களில் முறையாகச் சோதிக்கும் முயற்சியில் இறங்கினார்கள். உடம்பு தானே உண்டாக்கும் ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் என்ற பொருளை 40 முதல் 60 வயதுள்ளவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு அப்படிப்பட்டது. 2023ல் அலெக்சாண்ட்ரா மருத்துவமனையில் நீடாயுள் மருந்தகம் ஒன்றும் திறக்கப்பட்டது. பணக்காரர்களுக்கான தனியார் கிளினிக்காக மட்டும் இல்லாமல் அரசாங்க மருத்துவமனைக்குள் இப்படி ஒன்று வந்தது முக்கியம், ஏனென்றால் அங்கே எழுதப்படும் பதிவுகள் ஆய்வுக்குப் பயன்படும், தவறினால் கேள்வி கேட்க ஆள் இருக்கும்.

அரசாங்கம் ஏன் இவ்வளவு ஆர்வம் காட்டுகிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. குடிமக்களில் 65 வயதைத் தாண்டியவர்கள் 2026ல் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஆகிவிடுவார்கள் என்பது கணிப்பு, 2030ல் ஏறக்குறைய நான்கில் ஒருவர். 2023ல் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் வந்தது, ஆளுக்கு ஒரு குடும்ப மருத்துவர், இலவசப் பரிசோதனை, தடுப்பூசி. அதே ஆண்டு முதியோருக்கான ஏஜ் வெல் எஸ்ஜி திட்டமும் வந்தது, அதற்குப் பத்து ஆண்டுக்கு 3.5 பில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள். உலகின் நீடாயுள் வட்டாரங்களைத் தேடித் திரிந்த டான் பியூட்னர் 2023ல் சிங்கப்பூரை ஆறாவது நீலமண்டலம் என்று அறிவித்ததும் இங்கே நிறையப் பேசப்பட்டது. அந்தப் பட்டத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மற்ற நீலமண்டலங்களில் நூறு வயதைத் தாண்டியவர்கள் என்று சொல்லப்படுகிறவர்களின் பிறப்புப் பதிவுகளே பல இடங்களில் தவறானவை என்று சால் நியூமன் என்ற ஆய்வாளர் கிளறிக் காட்டியிருக்கிறார். நம்மிடம் பதிவுகள் ஒழுங்காக இருக்கின்றன, அதனால்தான் பத்தரை ஆண்டு இடைவெளியும் ஒழுங்காகத் தெரிகிறது.

இனி விற்பனை விஷயம். எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழியில் விழுந்தவை ஏராளம். சிவப்புத் திராட்சையில் இருக்கும் ரெஸ்வெராட்ரால் நினைவிருக்கிறதா? அதை வைத்து மருந்து செய்யலாம் என்று ஒரு பெரிய மருந்து நிறுவனம் 2008ல் 720 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்து ஒரு சின்ன நிறுவனத்தை வாங்கியது, ஐந்தே ஆண்டில் அதை மூடிவிட்டது. டாரைன் என்ற அமினோ அமிலம் இன்னும் அண்மைய கதை. 2023ல் விஜய் யாதவ் என்ற இந்திய விஞ்ஞானியின் குழு, வயதாக ஆக உடலில் டாரைன் குறைகிறது, அதை ஊட்டினால் எலிகள் கூடுதல் காலம் வாழ்கின்றன என்று எழுதியதும் உலகம் முழுக்க டாரைன் பொடி விற்பனை சூடுபிடித்தது. 2025ல் அமெரிக்கத் தேசிய மூப்பியல் நிலையத்தின் ஆய்வு, மனிதர்களில் வயதோடு டாரைன் அப்படிக் குறைவதாகத் தெரியவில்லை, பலரிடம் கூடவோ மாறாமலோ இருக்கிறது என்றது. முதல் ஆய்வு செய்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை, அறிவியல் இப்படித்தான் ஒன்றைச் சொல்லி, சரிபார்த்து, திருத்தி நகரும். அந்த நிதானம் வரும் வரைக்கும் பொடி விற்கிறவருக்குப் பொறுமை கிடையாது, அவ்வளவுதான்.

ராபமைசினும் அப்படியே. முதுமையைத் தள்ளிப்போட ஆண்டுக்கு இரண்டு மில்லியன் டாலர் செலவழிப்பதாகச் சொல்லப்படும் அமெரிக்கத் தொழிலதிபர் பிரையன் ஜான்சன் ஐந்து ஆண்டு போல அதைச் சாப்பிட்டுவிட்டு, தொற்று, ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு மாற்றம் என்று பக்கவிளைவுகளைச் சொல்லி 2024ல் நிறுத்திவிட்டார். அத்தனை மருத்துவர்கள் சூழ இருந்தவருக்கே இந்த நிலை என்றால், இணையத்தில் தருவித்து வாங்கிச் சாப்பிடுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மெட்ஃபார்மின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் பாதி அலமாரிகளில் அது இருக்கிறது. நீரிழிவுக்கான இந்த மலிவான மாத்திரை மூப்பையும் தள்ளிப்போடுமா என்று பார்க்க நியூயார்க்கில் நிர் பார்சிலாய் என்ற ஆய்வாளர் 65 முதல் 79 வயது வரை உள்ள 3,000 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வைத் திட்டமிட்டார். பத்தாண்டாக அது பணத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. காப்புரிமை முடிந்துபோன மாத்திரையில் லாபம் இல்லை, யார் காசு போடுவார்கள்? இந்தத் துறையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்: ஒரு மாத்திரைக்குச் சில காசு விலையுள்ள, ஏழைக்கும் எட்டக்கூடிய மருந்தைச் சோதிக்கப் பணம் இல்லை, ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு நரம்பில் ஏற்றும் சொட்டு மருந்துகளுக்கு விளம்பரம் குவிகிறது. இன்னொன்று, நீரிழிவு இல்லாத 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் மெட்ஃபார்மின் சாப்பிட்டுக்கொண்டே எடைப்பயிற்சி செய்தபோது, சாப்பிடாதவர்களைவிடத் தசை குறைவாகவே வளர்ந்தது என்று 2019ல் ஒரு ஆய்வு காட்டியது. நீரிழிவு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், உங்களுக்கு அது கட்டாயம் வேண்டும். நீரிழிவே இல்லாமல், ஆயுள் கூடும் என்று தானாகப் போட்டுக்கொள்கிறவர்களுக்கான எச்சரிக்கை இது.

'உடலின் உண்மையான வயது' பரிசோதனை விஷயத்திலும் கவனம் வேண்டும். ஒரே ரத்தத்தை இரண்டு விதமான கணக்கீட்டில் போட்டால் இரண்டு எண் வரலாம். ஆயிரம் பேரை ஒப்பிடும் ஆய்வாளருக்கு இது அருமையான கருவி. உங்கள் ஒருவருக்கு 47 என்று வந்தால், அடுத்த மாதம் 44 என்று வந்தால், அதனால் உங்கள் சிறுநீரகத்துக்கோ மூளைக்கோ என்ன நடந்திருக்கிறது என்று இன்றைக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த எண்ணைக் குறைத்தால் நோய் குறையும் என்பது இனிமேல்தான் நிரூபிக்கப்பட வேண்டும்.

இவ்வளவு விலை கொடுத்து எண் வாங்குவதற்கு முன், சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை சுவரோரம் போடுங்கள். அம்மாவையோ அப்பாவையோ உட்கார வைத்து, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொள்ளச் சொல்லி, கை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்தில் பிடிக்கத் தயாராக நில்லுங்கள், கைப்பேசியில் நேரம் பாருங்கள். ஆசிய நாடுகளின் தசையிழப்பு மருத்துவக் குழு 2019ல் வகுத்த அளவுகோலின்படி 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் வலு குறைந்திருக்கிறது என்று பொருள். நடையில் நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழ், கைப்பிடி வலுவில் ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழ் என்பவையும் அதே குழு சொன்ன எல்லைகள். எங்கள் வீட்டில் அத்தையிடம் இதைச் சொன்னபோது, "இது என்னடா பரீட்சை, நான் தினமும் தேக்காவுக்குப் போய் வர்றவ" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். மூன்றாவது தடவை எழும்போது கை தன்னால் தொடைக்கு வந்தது. நடந்து போய் வருவதற்கும் கை ஊன்றாமல் எழுவதற்கும் வேண்டிய தசை வேறு வேறு என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது, அப்புறம் அவரே அடுத்த வாரம் மறுபடி நேரம் பார்க்கச் சொன்னார்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், இயலாமை என்பதை கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதி எப்படி அளக்கிறது என்று பாருங்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடப்பது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என ஆறு காரியம். இதில் மூன்றைத் துணையில்லாமல் செய்ய முடியாதபோது கடுமையான இயலாமை என்று கணக்கு. இந்த ஆறில் பாதிக்கு மேல் தொடையையும் இடுப்பையும் நம்பி இருக்கிறது. பத்தரை ஆண்டைச் சுருக்குவது என்பதை நடைமுறையில் பெயர்த்தால், கழிவறையிலிருந்து தானாக எழும் நாட்களை நீட்டிப்பது என்று வரும்.

நம் இனத்துக்கு இதில் தனிக் கதை உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004ல் தங்கள் படத்தையே போட்டு ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு அச்சாக ஒன்றே, 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு, தசையோ குறைவு: தெற்காசிய உடலின் வாகு இது. அதனால்தான் சிங்கப்பூரில் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை என்கிறார்கள். இங்கே இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் நீரிழிவு சீனர்களைவிடக் கணிசமாக அதிகம் என்பது ஒவ்வொரு சுகாதாரக் கணக்கெடுப்பிலும் வருகிறது, மாரடைப்பும் நமக்கு இளவயதிலேயே வருகிறது. ஆகவே நமக்கான நீடாயுள் மருத்துவம் நாற்பதிலேயே தொடங்கியாக வேண்டும், அதன் முதல் மருந்துகள் ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் பலதுறை மருந்தகத்தில் தரும் பழைய மாத்திரைகள்தான். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது பக்கவாதத்தையும் சிறுநீரகச் செயலிழப்பையும் தடுக்கும் என்பதற்கு இருக்கும் ஆதாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட எந்த நீடாயுள் பொடிக்கும் கிடையாது.

தசைக்கு வருவோம். பாஸ்டனில் 1990ல் மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவர் முதியோர் இல்லத்திலிருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரைக் கனமான எடை தூக்க வைத்தார். எட்டு வாரத்தில் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறில் முடிகிறது என்றால் எழுபதில் "இனிமேல் எதற்கு" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. இங்கேயே, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர் இங் ட்ஸே பின்னின் குழு 2015ல் வெளியிட்ட ஆய்வில் நலிவடைந்த, நலிவை நெருங்கிக்கொண்டிருந்த 246 முதியவர்களைப் பிரித்து சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்குச் சத்துணவு, சிலருக்கு மூளைப் பயிற்சி, சிலருக்கு எல்லாமும் ஆறு மாதம் கொடுத்தார்கள். எதுவும் கொடுக்காத குழுவில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் நலிவிலிருந்து மீண்டார்கள், உடற்பயிற்சிக் குழுவில் 41, எல்லாம் சேர்ந்த குழுவில் 48. எலி இல்லை, புழு இல்லை, நம் புளோக்குகளில் வாழும் மனிதர்கள். இப்படி ஒரு முடிவை ஒரு மாத்திரை தந்திருந்தால் அதன் விலை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

நடப்பது நல்லது, ஆனால் தசை வளர அது போதாது, எதிர்ப்பு வேண்டும். லியன் அறநிறுவனம் 2015 முதல் நடத்தும் ஜிம் டானிக் திட்டத்தில் காற்றழுத்தத்தில் இயங்கும் ஃபின்லாந்து இயந்திரங்கள், இரும்பு எடை விழுந்துவிடுமோ என்ற பயமில்லாமல் முதியவர்கள் பயன்படுத்தலாம். சேலையிலும் சல்வாரிலும் அதில் உட்கார்ந்து கால் நீட்டும் பாட்டிமார்களைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது.

சாப்பாட்டில் நமக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள், 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 60 முதல் 72 கிராம். காலையில் மூன்று இட்லி, நீர்த்த சாம்பார், சட்னி என்றால் பத்து கிராம் தேறினால் பெரிது. மதியம் சோறு, ரசம், ஒரு பொரியல், இரவு இரண்டு சப்பாத்தி. நாள் முடிவில் பாதியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள், சைவக் குடும்பங்களில் இது இன்னும் மோசம். "வயசாச்சு, லேசா சாப்பிடறேன்" என்று பெரியவர்கள் முதலில் குறைப்பது முட்டை, மீன், பருப்பைத்தான், சோறு அப்படியே இருக்கும். இதைத் தலைகீழாக்க வேண்டும்: கெட்டிப் பருப்பு, சுண்டல், தயிர், டோஃபு, முட்டை, மீன் கூடட்டும், சோறு குறையட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். நம் சமையலைப் பழிக்க வேண்டியதில்லை. இதே இங் ட்ஸே பின் 2006ல் இங்குள்ள 60 வயதுக்கு மேற்பட்ட ஆயிரம் பேரிடம் பார்த்ததில், அவ்வப்போதோ அடிக்கடியோ கறிக்குழம்பு சாப்பிட்டவர்களின் நினைவாற்றல் மதிப்பெண் சாப்பிடாதவர்களைவிட மேலாக இருந்தது. மஞ்சளால்தான் என்று அது நிரூபிக்கவில்லை, மஞ்சள் மாத்திரை வாங்க அது காரணமும் இல்லை. குழம்பு குழம்பாகவே இருக்கட்டும்.

தடுப்பூசியை யாரும் நீடாயுள் மருத்துவம் என்று விளம்பரம் செய்வதில்லை, ஆனால் அண்மையில் வந்த ஆதாரங்களில் எனக்கு மிக வலுவாகப் படுவது அதுதான். வேல்ஸில் அக்கி அம்மைத் தடுப்பூசியை 2013ல் தொடங்கியபோது 1933 செப்டம்பர் 2க்கு முன் பிறந்தவர்களுக்குக் கிடையாது, அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்கு உண்டு என்று கோடு போட்டார்கள். ஒரு வாரம் முன்னே பின்னே பிறந்ததைத் தவிர இவர்களுக்குள் வேறுபாடு எதுவும் இருக்க முடியாது. ஏழு ஆண்டு கழித்துப் பார்த்தால், ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் முதுமை மறதி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2025ல் வெளியான இந்த முடிவு பழைய வகை ஊசியைப் பற்றியது. சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டிய குடிமக்களுக்குப் புதிய வகை அக்கி ஊசிக்கு 2025 செப்டம்பரிலிருந்து மானியம் உண்டு. அக்கி வந்து எரிச்சலில் துடித்தவர்களைப் பார்த்திருந்தால், மறதி குறைகிறதோ இல்லையோ, அதற்காகவே போட்டுக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று, இதை நம் சமூகத்தில் யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். முதுமையில் தனிமை உடம்பைக் கெடுக்கிறது, அதனால்தான் அக்கம்பக்கமெங்கும் துடிப்பாக மூப்படைதல் நிலையங்களைத் திறக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பேட்டையிலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழ வேண்டும் என்று 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் தமிழர்கள் எல்லாப் பேட்டைகளிலும் பரவிச் சிதறி வாழ்கிறோம். நாட்டுக்கு அது நல்லது செய்திருக்கிறது, மறுக்கவில்லை. அதன் விளைவாக ஒரு நிலையத்துக்குள் நுழையும் தமிழ்ப் பாட்டிக்குப் பேச்சுத் துணைக்கு இன்னும் இரண்டு தமிழர் கிடைப்பதே அபூர்வம். கராவோக்கே, மாஜோங், மாண்டரினில் உடற்பயிற்சி வழிநடத்தல். ஒரு தடவை போய்விட்டு "நமக்கு அங்க என்ன வேலை" என்று வீட்டிலேயே தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! இரண்டு மூன்று பேட்டைகளைச் சேர்த்து வாரத்துக்கு ஒரு நாள் தமிழில் எடைப்பயிற்சி வகுப்பு என்று வைத்தால் ஆள் சேரும். கோயில்களில் அன்னதானத்துக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தாலே அது தெரியும். பணமும் இடமும் இருக்கின்றன, கேட்க வேண்டியது நாம்தான்.

ஆய்வுகளிலும் இதே இடைவெளி. வயதை ஊகிக்கும் கணக்கீடுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் மாதிரிகளைக் கொண்டு உருவானவை. நம் மரபணுவும் நம் கொழுப்பு வாகும் வேறு என்கிறபோது அந்த எண் நமக்கு எவ்வளவு பொருந்தும்? சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரையும் சேர்க்கும் ஹெலியோஸ், எஸ்ஜி100கே போன்ற பெரிய ஆய்வுகள் இதற்காகவே தொடங்கப்பட்டன. உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி எல்லாம் சேர்த்து மூளைத்திறன் சரிவதைத் தள்ளிப்போடலாம் என்று ஃபின்லாந்தில் 2015ல் காட்டியதை இங்கே சுமார் 1,200 முதியவர்களிடம் சோதிக்கும் சிங்கர் ஆய்வும் அப்படியே. மக்கள்தொகையில் நாம் பத்தில் ஒருவர்கூட இல்லை, இப்படிப்பட்ட ஆய்வுகளில் நம்மவர் இருபது பேர் தயங்கினாலே இந்தியர்களுக்கென்று எந்த முடிவும் சொல்ல முடியாமல் போய்விடும். மருத்துவமனையிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ ஆய்வுக்கு அழைப்பு வந்தால், "நம்மை வைத்துச் சோதனை செய்யப் பார்க்கிறார்கள்" என்று பயப்படும் பெரியவர்களுக்கு ஒப்புதல் படிவத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் படித்துச் சொல்லுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை அதிலேயே எழுதியிருக்கும்.